கற்பூரமும் எரிவாயுவும்

படிப்பவரே, உம்மைச் சாட்சியாக அழைக்கிறேன். அன்று அந்தக் காருக்குள் நீர் இருந்திருந்தால் வாய் திறந்திருப்பீரா? கடைசிவரை கேட்டுவிட்டுச் சொல்லும்.

எண்பதுகளின் தொடக்கம், குற்றாலத்தில் சீசன். பந்தலில் பட்டிமண்டபம். நாளைய வண்டியை இழுக்கப்போவது மின்கலமா, எரிவாயுவா? நான் எரிவாயுவின் பக்கம். கல்லூரிக்குக் கோப்பைகள் கொண்டுவந்தவன். குறிப்புத் தாளைத் தொடாதவன். “நம் வீட்டு அடுப்பில் அடங்கி எரியும் வாயு, நம் வண்டியிலும் அடங்கி ஓடும்” என்று முடித்தபோது பந்தல் அதிர்ந்தது. தீர்ப்பும் எங்களுக்கே.

இறங்கியதும் ஒரு வாடகைக் கார் ஓட்டுநர் வழிமறித்தார்.

“தம்பி, நீங்க வரப்போவுதுன்னு சொன்ன வண்டி எங்கிட்ட இப்பவே ஓடுது. டிக்கியில சமையல் சிலிண்டர். ஏறுங்க, தென்காசியில விட்டுருதேன்.”

உடன் வந்திருந்த அக்கா சிரித்தாள். மதுரையிலிருந்து பேறுகாலத்துக்கு வந்திருந்தவள். “ஏலே, பேசினதுக்குக் கூலி கையோட வருது.”

சாரலுக்காகக் கண்ணாடிகளை ஏற்றியிருந்தோம். ஊர் எல்லை தாண்டுவதற்குள் அந்த வாடை வந்தது. அழுகிய முட்டைக்கோஸின் வாடை. அக்கா முந்தானையால் மூக்கை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் சாலையைப் பார்த்தேன். அடங்கி ஓடும் என்று ஊரறிய முழங்கியவன், ஒழுகுகிறது என்று எப்படிச் சொல்வது? ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகுக்குப் பின்னால் சிலிண்டர் தகரத்தில் இடித்தது. அந்த ஓசைக்கு முன்பே என் உடல் குறுகத் தொடங்கியது. அக்கா இரு கைகளாலும் வயிற்றைப் பற்றியிருந்தாள்.

மருதமரத்தடியில் சுடலைமாடன் பீடம். அங்கே கற்பூரம் காட்டாமல் அந்த ஓட்டுநர் கடந்துபோவதில்லையாம். காரை நிறுத்தி இறங்கினார், நானும் இறங்கினேன். டிக்கியைத் திறந்து, சிலிண்டருக்குப் பக்கத்திலிருந்து கற்பூரத்தையும் தீப்பெட்டியையும் எடுத்தார். வெளியே தூறலும் காற்றும். ஆகவே தீ அணையாதிருக்க, தூக்கிய டிக்கி மூடியையே கூரையாக்கி உள்ளே குனிந்தார்.

“கற்பூரம் வேண்டாம், அண்ணாச்சி.”

அவர் முகம் இறுகியது. அக்காலத்தில் மேடைப் பேச்சாளன் ஒருவன் கற்பூரம் வேண்டாம் என்றால் அதற்குப் பொருள் ஒன்றுதான்.

“சாமி இல்லைன்னு நீங்க மைக்கில பேசிக்கிடுங்க தம்பி. மாடனுக்குக் காட்டாம நான் வண்டிய எடுக்கமாட்டேன்.”

குச்சியை உரசினார். ஈரம், பற்றவில்லை. காரணத்தைச் சொல்ல வாயெடுத்தேன். எத்தனையோ அவைகளை வென்ற தொண்டையிலிருந்து, “அன்புகூர்ந்து…” என்ற ஒற்றைச் சொல்தான் வந்தது.

“இங்கனயும் மேடைப் பேச்சா?” என்றபடி மீண்டும் உரசினார். பொறி தெறித்து அணைந்தது. என் கண்ணுக்குள் மருதமரம் முழுவதும் எரிந்தது.

காரின் கதவு திறந்தது. அக்கா மெல்ல இறங்கினாள்.

“அண்ணாச்சி, அவன் சாமியச் சொல்லல. கேஸ் ஒழுகுது. எங்க அடுப்படியில இந்த வாடை வந்த அன்னைக்குத் தெருவே வெளிய ஓடிச்சு. நான் பிள்ளைத்தாச்சி. அந்தக் குச்சியக் கீழ போடுங்க.”

அவர் மூச்சை இழுத்துப் பார்த்தார். தினமும் அதிலேயே இருந்து பழகிய மூக்கு. அதற்கு இப்போதுதான் உறைத்தது. குச்சி சேற்றில் விழுந்தது. சிலிண்டர் வால்வைத் திருகி மூடினார், விரல்கள் வழுக்கின. பற்றவைக்காத கற்பூரத்தைப் பீடத்தில் வைத்துவிட்டு வந்தார். திறந்த டிக்கியை விட்டு விலகி மூவரும் மழையில் நின்றோம். அக்கா என் தோளைப் பிடித்திருந்தாள்.

“அவ்வளவு உறுதியாச் சொன்னியளே தம்பி,” என்றார் ஓட்டுநர், தரையைப் பார்த்தபடி. “எங்க ஸ்டாண்டுக்காரங்க எல்லாரும் கேட்டாங்க. நாளைக்கு இன்னும் ரெண்டு வண்டியில சிலிண்டர் மாட்டப்போறாங்க.”

அப்போது எனக்குக் குரல் திரும்பியது. மேடைத் தமிழ் திரும்பவில்லை.

“மாட்ட வேண்டாம்னு சொல்லுங்க. நாளைக்கும் அதே பந்தல்தான் அண்ணாச்சி. அவங்க எல்லாரையும் கூட்டிட்டு முன்வரிசையில வந்து இரிங்க. இன்னைக்குப் பேசினவனுக்கு நாளைக்கு நானே பதில் சொல்லுதேன்.”