செல்வி அக்கா பார்க்காத காவல் மாற்றம்

செல்வி அக்கா போய்விட்டார். இன்று காலை, இங்கே ஜெர்மனியில், ஹம் நகர ஆஸ்பத்திரியில்...

அவருடைய மகள் போன் எடுத்தபோது நான் வேலையில் ஒரு முதியவருக்குச் சட்டை போட்டுவிட்டுக்கொண்டிருந்தேன். "அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். போனை வைத்துவிட்டு மிச்சப் பொத்தான்களையும் பூட்டினேன். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

இதை வாசிக்கும் பலருக்கு அவரைத் தெரியாது. மேடையிலோ கோயில் நிர்வாகத்திலோ இருந்தவர் அல்ல. ஒரே முதியோர் இல்லத்தில், ஒரே மாடியில், பதினொரு வருடம் என்னோடு வேலை செய்தவர். தூக்குவது, குளிக்க வார்ப்பது, சாப்பாடு தீத்துவது... அந்த வேலை.

அவரோடு ஒரே ஒருமுறை பயணம் போனேன். கோப்பன்ஹேகனுக்கு.

உயரமான கறுப்பு உரோமத் தொப்பி போட்ட அரச காவற்படை, பாண்ட் வாத்தியத்தோடு நகரத் தெருக்களால் நடந்து அரண்மனைக்குப் போய்க் காவல் மாற்றும். அதை ஒரு வீடியோவில் பார்த்த நாளிலிருந்து எனக்கு ஆசை. வீட்டுக்காரர் "உதைப் பாக்க அவ்வளவு தூரமோ?" என்றார். வேலையிடத்தில் தேநீர் குடிக்கும்போது இதைச் சொல்லிப் புலம்பினேன். செல்வி அக்கா கோப்பையை வைத்துவிட்டு, "நான் வாறன். லீவுக்கு ஊர்லாப் எழுதிக் குடும்" என்றார். அவ்வளவுதான்.

சனிக்கிழமை விடிய பஸ் ஏறி, கப்பலில் கடல் தாண்டி, பின்னேரம் போய்ச் சேர்ந்தோம். அடுத்த நாள் காலை நடைச் சுற்றுலா. மஞ்சள் குடை பிடித்த ஒரு வழிகாட்டிப் பெண் ஆங்கிலத்தில் படபடவென்று பேசிக்கொண்டு முன்னால் போனாள்.

எனக்குப் பாதி விளங்கவில்லை. அக்காவுக்கு ஒன்றுமே விளங்கவில்லை. ஆனாலும் எனக்கு மொழிபெயர்த்தார். "ராசா இப்பதான் முகம் கழுவுறாராம்... கொஞ்சம் நிக்கட்டாம்."

பிறகு படை முகாமிலிருந்து வெளியே வந்தது. முன்னால் பாண்ட், பின்னால் நீலக் காற்சட்டைக்காரர்கள். சுற்றுலாக் கூட்டம் அவர்களோடு சேர்ந்து அரை ஓட்டமாக நடந்தது. நாங்களும்.

ஒரு சந்தியில், எங்களுக்குச் சற்று முன்னால், ஒரு வயதான பெண் தெருக்கல் தடுக்கி விழுந்தார். நெற்றியில் இரத்தம். கூட்டம் இரண்டாகப் பிரிந்து, அவரைச் சுற்றிக்கொண்டு போனது.

செல்வி அக்கா முழங்காலில் இருந்துவிட்டார். தன் கம்பளிச் சட்டையைக் கழற்றி அந்த அம்மாவின் தலைக்குக் கீழே வைத்தார்.

எனக்கு வந்தது இரக்கம் இல்லை, எரிச்சல். வருடம் முழுக்க விழுந்தவர்களைத் தூக்குகிறோம், இங்கேயுமா என்று...

"அக்கா, ஆரும் வருவினம். எழும்புங்கோ, குடைக்காரி போறாள்."

"நீர் போம். உமக்குத்தானே பாக்க ஆசை."

"நீங்கள்?"

"இவவை விட்டிட்டு வர ஏலாது. நீர் போம், நான் இதிலைதான் இருப்பன்."

நான் போனேன்.

மனம் கேட்காமல் பாதியில் திரும்பி வந்தேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். ஆனால் நான் முழுதும் பார்த்தேன். பழைய காவலும் புதிய காவலும் எதிரெதிரே நின்றதை, ஒருவன் மற்றவனின் இடத்தில் போய் நின்றதை, எல்லாம். போனில் சார்ஜ் இறங்கும்வரை படம் எடுத்தேன்.

திரும்பி வந்தபோது அம்புலன்ஸ் போய்விட்டிருந்தது. கம்பளிச் சட்டையும் அந்த அம்மாவோடு போய்விட்டது. அக்கா ஒரு கடையின் படியில் இருந்தார். "கை கழுவ எங்கையும் இடம் கிடக்கோ பிள்ளை?" என்று மட்டும் கேட்டார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அதைக் கேட்க அவருக்குப் பொறுமை இல்லை. "அதை விடும். என்ன நடந்தது? முதலிலையிருந்து சொல்லும்."

ஒரு வாங்கில் இருந்து பணிஸ் சாப்பிட்டபடி எல்லாவற்றையும் சொன்னேன். தொப்பி கண்ணை மறைக்காதோ, ஒருத்தரும் சிரிக்கேல்லையோ என்று இடையிடையே கேள்வி. ஒரு இளம் சிப்பாயின் மூக்கு ஒழுகியதையும், அவன் துடைக்க முடியாமல் நின்றதையும் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தார்.

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனால், சாப்பாட்டு அறையில் அக்கா தன் ஜெர்மனில் காவல் மாற்றத்தை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலிகள் சுற்றி நின்றன. மூக்கு ஒழுகிய சிப்பாயும் அதில் வந்தான்.

நடுவில் என்னைப் பார்த்து, "அப்பிடித்தானே சுபா?" என்றார்.

"ஓம் அக்கா."

அதற்குப் பிறகு எத்தனை தரம் அந்தக் கதையைக் கேட்டிருப்பேன். அங்கே இருப்பவர்கள் மறந்து மறந்து திரும்பக் கேட்பார்கள், அவர் சலிக்காமல் திரும்பச் சொல்வார். தெருவில் விழுந்த அந்த அம்மாவைப் பற்றி மட்டும் ஒருவருக்கும் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் நான் எங்கே நின்றேன் என்று கேட்டிருப்பார்கள்... நானும் சொன்னதில்லை. இன்றுதான் எழுதுகிறேன்.

மூன்று கிழமையாக ஆஸ்பத்திரியில் இருந்தார். இல்லத்தில் ஆள் இல்லை, அவருடைய ஷிப்டும் என் தலையில். நேற்று வருவதாகச் சொல்லியிருந்தேன். வேலை முடிய உடம்பு கேட்கவில்லை. "நாளைக்குக் கட்டாயம் வாறன் அக்கா" என்று எழுதினேன்.

குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தார். மூச்சு வாங்கி வாங்கி. "அவசரமில்லை பிள்ளை. நித்திரையைக் கொள்ளும்."

கொண்டேன். நல்ல நித்திரை.

வெள்ளிக்கிழமை இறுதிக் கிரியை. நேரத்தை மகள் அறிவிப்பாள்.

போயிட்டு வாங்கோ செல்வி அக்கா... நான் இன்னும் வேலை உடுப்பைக் கழற்றவில்லை.