நான் பிடுங்கிய பிளக்

முப்பது வருஷமாகத் தேயிலை பேக்டரியில், இலை காயவைக்கும் அடுப்புக்கு விறகு போட்டுப் பிழைக்கிறவன் நான். நெருப்பைப் பற்றி எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை என்றுதான் போன மாதம் வரைக்கும் நினைத்திருந்தேன்.

யூனிவர்சிட்டியில் ஆராய்ச்சி படிக்கும் என் மகள் லீவுக்கு வந்தபோது பெரிய கம்ப்யூட்டர் ஒன்றையும் தூக்கிக்கொண்டு வந்தாள். அதில் ஒரு நெருப்பு எரிந்தது. கீழே சின்னக் குழாய். அதிலிருந்து ஹைட்ரஜன் வாயு சீறி வருகிறதாம், சுற்றிலும் கொதிக்கிற காற்றாம். நெருப்போ குழாய் வாயைத் தொடாமல் நாலு விரல் மேலே தள்ளி நின்று ஆடியது.

"வாயை விட்டுட்டு நிக்கிற நெருப்பு நிலைக்காதும்மா. அணைஞ்சிரும்."

"ஏன் அணையலன்னு கண்டுபிடிக்கத்தாம்பா இது நாலு நாளா கணக்குப் போடுது. நெசமான நெருப்பு இல்ல, எல்லாம் நம்பரு."

"பத்த வச்சது யாரு?"

"யாருமில்ல. சுத்தியிருக்கற சூட்டுல தானாவே பத்திக்கும்."

என் கை தானாகத் திரைக்கு நேரே போய்க் கண்ணில் ஒற்றிக்கொண்டது.

"விபூதி குடுக்க இங்க ஆளில்ல லா," என்று சிரித்தாள்.

சனிக்கிழமை மத்தியானம் அவளும் என் மனைவியும் சாமான் வாங்க பிரிஞ்சாங் டவுனுக்குப் போனார்கள். "திங்கக்கிழமை எங்க புரொபசர் சார் இது முடிஞ்சதைப் பாத்தாத்தான் யூனிவர்சிட்டி பெரிய மெஷின்ல ஓடவிடுவாரு. இதைத் தவறவிட்டா என் முறை ஆறு மாசம் தள்ளிப்போயிரும். பாத்துக்குங்கப்பா," என்று சொல்லிவிட்டுப் போனாள். நாற்காலி போட்டு முன்னால் உட்கார்ந்தேன்.

மூன்று மணிக்கு மலைக்குப் பின்னால் இடி உருண்டது. ஒரு மழையில் வரிசையாக டிவிகள் கருகிப் போனதிலிருந்து எங்கள் தொழிலாளர் லயத்தில் முதல் இடிக்கே வீட்டுக்கு வீடு பிளக்கைப் பிடுங்கிவிடுவோம். எழுந்தேன். டிவி, பிரிட்ஜ், அப்புறம் அவளுடையது. திரை கறுத்த பிறகுதான் கையிலிருப்பது என்னவென்று பார்த்தேன்.

நனைந்துகொண்டு வந்தவளிடம், "அணைச்சிட்டேம்மா," என்றேன். பையைக் கீழே வைக்காமலே நின்றாள்.

"இந்த மனுசனையா முப்பது வருஷம் நெருப்புக்குப் பக்கத்துல வச்சிருக்கானுங்க," என்றாள் மனைவி.

மகள் பிளக்கை மாட்டி ஏதோ தட்டினாள். நெருப்பு வந்தது. அதே உயரம். இடது பக்கம் அதே சாய்வு.

"ஆறு மணி நேரத்துக்கு ஒருக்கா போட்ட கணக்கை இதுவே எழுதி வச்சுக்கும்பா. கடைசியா எழுதின எடத்துலருந்து மறுபடி ஓடும்."

என் அடுப்பில் அணைந்ததை எத்தனையோ தடவை மூட்டியிருக்கிறேன். மூட்டினது எல்லாம் வேறு நெருப்பு. போனது ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. இது நாக்கைக்கூட மாற்றாமல் வந்து நின்றது. முருகா என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதற்குக் கீழே வெறும் இடத்தில் கடுகளவு ஒரு வெளிச்சம் தானே பற்றி, வளர்ந்து, மேலே போய்ச் சேர்ந்தது.

"பாத்தீங்களா? கீழ புதுசு புதுசாப் பத்துது. அதனாலதான் மேல உள்ளது நிக்குது."

நான் பிடுங்கினதில் ஐந்து மணி நேரக் கணக்கு போயிருந்தது. ஞாயிற்றுக்கிழமையும் மூன்று மணிக்கு இடி வந்தது. மின்னல் இறங்கினால் எழுதிவைத்ததும் சேர்ந்து கருகிவிடும்.

"பிடுங்கவாம்மா?"

"இன்னும் நாப்பது நிமிஷத்துல கணக்கு முடிஞ்சிரும்பா. இப்பப் பிடுங்கினா நாளைக்கு சாருகிட்ட காட்ட முடியாது." அவள் கண்ணும் பிளக்கின் மேல்தான் இருந்தது.

வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு சாமி படத்துக்குக் கீழே உட்கார்ந்து சரவணபவ சொன்னேன். எத்தனை இடி விழுந்தது என்று தெரியாது.

"முடிஞ்சிருச்சு," என்றவள், என்னைத் தாண்டி ஓடி, தானே பிளக்கைப் பிடுங்கினாள்.