நாத்தனார் வீட்டு அடைக்கோழி

ஓய்வூதியர் அனுப்பும் மனுவுக்கு மூன்று வேலை நாட்களுக்குள் ஒப்புகை அனுப்ப வேண்டும். ஒரு மாதத்துக்குள் பதில் அனுப்ப வேண்டும். பதில் தர இயலாவிட்டால், இயலவில்லை என்பதையே பதிலாக அனுப்ப வேண்டும். எங்கள் அலுவலக நடைமுறைக் கையேட்டில் உள்ள விதி இது. கடைசி வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லிக் குறிப்பு எழுதியவன் நான். அப்போது நான் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தேன்.

இந்தப் பக்கம் வந்த பிறகு நான் அனுப்பிய முதல் மனு, என் மனைவியின் கண்ணைப் பற்றியது.

அவளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. மீன் கழுவும்போது செதில் போய்விட்டதா என்று விரலால் தடவித்தான் தெரிந்துகொள்வாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒருநாள் திருவொற்றியூரில் எண்ணூர் சாலையைக் கடக்கும்போது, வந்துகொண்டிருந்த கன்டெய்னர் லாரியை நிற்கும் லாரி என்று நினைத்து இறங்கிவிட்டாள். கையைப் பிடித்து இழுத்தேன். லாரிக்காரர் எங்கள் இருவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போனார். அவர் திட்டியதில் ஒரு வார்த்தைக்கும் எனக்கு ஆட்சேபணை இல்லை.

எங்கள் துறை மருத்துவமனையில் ஒரு கண் டாக்டர் இருந்தார். சர்க்கரையால் போகவிருந்த அவள் பார்வையைப் பல வருடமாகக் காப்பாற்றி வந்தவர். புரை அறுவையை இனியும் தள்ளிப்போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வேறு ஆஸ்பத்திரிக்குப் போகலாமா என்று கேட்டால் மனைவி ஒரே பேச்சாகச் சொன்னாள்: “அந்த டாக்டரம்மா கத்தி வச்சாத்தான் கண்ணக் காட்டுவேன்.” ஆனால் அந்த மாதத்தோடு பழைய மருத்துவ அட்டைகள் செல்லாதவை ஆகிவிட்டன. புதிய அட்டை வேண்டுமானால், ஆதாரில் உள்ள பெயரும் ஓய்வூதிய ஆவணத்தில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

பெயர் ஒன்றாகத்தான் இருந்தது. இனிஷியல் ஒன்றாக இல்லை.

என் மனைவி கல்யாணத்துக்குப் பிறகும் தன் அப்பாவின் தலைப்பெழுத்தையே வைத்துக்கொண்டவள். அவர் பெயர் ‘த’வில் தொடங்கும். தமிழில் எழுதினால் வம்பில்லை. ஆங்கிலத்தில் எழுதும்போது பாதிப் பேர் டீக்கடைக்குப் போடும் ‘டி’யைப் போடுகிறார்கள், மீதிப் பேர் டாக்டருக்குப் போடும் ‘டி’யைப் போடுகிறார்கள். அவளுடைய பள்ளிச் சான்றிதழிலும் அதைப் பார்த்து எடுத்த ஆதாரிலும் டாக்டர் டி. ஓய்வூதிய ஆவணத்தில் டீக்கடை டி. அந்தப் படிவத்தை நிரப்பியது யார் என்று பழைய கோப்பில் தேடினேன். நானேதான். கையெழுத்து அழகாக இருந்தது.

அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசினேன். என் பழைய பிரிவில் இப்போது இருக்கும் பெண், பொறுமைசாலி.

“சார், ஆதார்ல எந்த டி சார்?”

“டி.”

“அதான் சார், எந்த டி?”

“டாக்டர் டி, அம்மா. உங்ககிட்ட இருக்கறது டீக்கடை டி.”

“அப்ப ஆதாரை டீக்கடைக்கு மாத்திக்கிட்டு வந்துடுங்க சார்.”

ஆதார் மையத்தில், டீக்கடை டி உள்ள, புகைப்படம் ஒட்டிய, செல்லுபடியாகும் அட்டை ஏதாவது இருக்கிறதா என்றார்கள். இருந்தது. மருத்துவ அட்டை. ஆனால் பழையது, செல்லாது. புதியது கொண்டு வாருங்கள் என்றார்கள். புதியதற்கு ஆதார் வேண்டும். சரி, தவறு என்னுடையது, நீங்களே உங்கள் ஆவணத்தில் திருத்துங்கள் என்று விதி எண்ணோடு அலுவலகத்துக்கு மனு அனுப்பினேன். மூன்று வேலை நாட்கள் போயின. ஒரு மாதம் போயிற்று. இயலவில்லை என்றுகூட யாரும் எழுதவில்லை.

எங்கள் தெருவில் நாட்டுக்கோழி முட்டை விற்கும் பெண்மணி ஒருவர் உண்டு. சடையங்குப்பத்தில் இருந்தவர், வெள்ளம் வீட்டுக்குள் புகுந்த பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டார். வாரம் இருமுறை கூடையோடு வாசலுக்கு வருவார். அன்று வந்தவர் என் முகத்தைப் பார்த்தார்.

“இன்னா சாரே, மூஞ்சி இப்டி கீது? போன தபா குட்த்த முட்டை எதுனா கெட்டுப்பூட்ச்சா?”

“முட்டை நல்லாத்தான் இருந்தது. கோழி முதலா முட்டை முதலான்னு கேப்பாங்களே, அதுல மாட்டிக்கிட்டேன்” என்று நடந்ததைச் சொன்னேன். படித்தவர்கள் பல காலமாகத் தீர்க்காத கேள்வி என்றும் சேர்த்துச் சொன்னேன். அந்த வாக்கியத்தை நான் தவிர்த்திருக்கலாம்.

“இதுல தீக்கறதுக்கு இன்னா கீது? எனுக்கு முட்டைதான் மொதல்ல. வெள்ளத்துல கோயி அல்லாம் பூட்ச்சு. தெரிஞ்சவங்க கைல பத்து முட்டை வாங்கிகினேன்.”

“கோழி இல்லாம முட்டையை வச்சுக்கிட்டு?”

“மீஞ்சூர்ல நாத்தனா வூட்ல ஒரு கோயி அடைக்கு உக்காந்துகினு இருந்துச்சு. அத்த கூடையோட ரயில்ல தூக்கினு வந்து முட்டை மேல வச்சேன்.”

“யார் வீட்டு முட்டையோ. அது எப்படி உக்காந்துச்சு?”

“கோயி இன்னா உன்னிய மாறி ஆபீசரா, இனிஷியல் கேக்க?”

சமையலறையிலிருந்து என் மனைவி சிரிப்பது வாசல் வரை கேட்டது. லாரிச் சம்பவத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்கவில்லை.

“நீ அந்த ரெண்டு ஆபீஸையே சுத்திகினு கீற சாரே. வெளியேர்ந்து ஒர்த்தர இட்டாந்து உக்கார வை. எங்கம்மாவுக்கு ஆதார்ல பேரே தப்பா அடிச்சிட்டானுங்கோ. நம்ம சுகாதார நிலையத்து டாக்டரம்மாதான் ஒரு பாரத்துல போட்டோ ஒட்டி, கையெழுத்து போட்டு, சீல் குத்திக் குட்த்தாங்க. வேற ஒண்ணியும் கேக்கல அவனுங்கோ.”

அந்தப் படிவம் எனக்குத் தெரியாததல்ல. பதிவு பெற்ற அரசு மருத்துவரோ அதிகாரியோ நேரில் பார்த்துச் சான்றளித்தால், அதையே ஆதாரமாக ஏற்பார்கள். ஆனால் அது கையில் ஒரு காகிதமும் இல்லாதவர்களுக்கானது என்று நினைத்து ஒதுக்கி வைத்திருந்தேன். என் வீட்டில் காகிதத்துக்குக் குறைவில்லை. நான்கு கோப்புகள், பக்க எண்ணோடு. அவ்வளவையும் வைத்துக்கொண்டு என் மனைவியைச் சாலையில் கைபிடித்து நடத்திக்கொண்டிருந்தேன்.

மறுநாள் காலை அவரே எங்களைச் சுகாதார நிலையத்துக்கு அழைத்துப்போனார். முட்டைக் கூடையை வீட்டில் வைத்துவிட்டு வந்திருந்தார். வரிசையில் அவருக்குத் தெரியாதவர் யாருமில்லை. டாக்டர் சின்ன வயசுக்காரர். நான் கொண்டுபோன கோப்பைத் திறக்கவேயில்லை. ஓய்வூதிய ஆவணத்தை மட்டும் வாங்கிப் பார்த்துவிட்டு என் மனைவியிடம் பேசினார்.

“உங்க அப்பா பேரு என்னம்மா?”

சொன்னாள்.

“இதை நான் டீக்கடை டி போட்டே எழுதறேன். உங்களுக்குச் சம்மதமா?”

“எங்கப்பா இத்தினி வருஷம் டாக்டரா இருந்தாரு. இவரு ஒரே பாரத்துல டீக்கடையில குந்தவச்சிட்டாரு” என்றாள் மனைவி. “பரவால்ல, எழுதுங்க. அவருக்கு டீ புடிக்கும்.”

கையெழுத்தும் முத்திரையும் விழுந்தன. ஆதார் மையத்தில் அதை வாங்கிக்கொண்டு எதுவும் கேட்கவில்லை. சில நாளில் ஆதார் மாறியது. அலுவலகத்துப் பொறுமைசாலிப் பெண், சரிபார்த்த அன்றே புதிய அட்டையைப் பதிவு செய்துவிட்டு, “அம்மாவை உடனே கூட்டிட்டுப் போங்க சார்” என்று தானே அழைத்துச் சொன்னார். விதியில் அப்படி அழைக்கச் சொல்லவில்லை. கண் டாக்டர் முதலில் வலது கண்ணையும், சில வாரம் கழித்து இடது கண்ணையும் செய்தார்.

முட்டைக்காரப் பெண்மணிக்கு முறையாக நன்றி சொல்ல வேண்டும் என்று நினைத்து, அவர் வந்தபோது எழுந்து நின்றேன். சொல்லத் தொடங்கியதும், “இன்னாத்துக்கு இப்டி நிக்கிற சாரே, கொடி ஏத்தப் போறியா? குந்து” என்றார். உட்கார்ந்துவிட்டேன். அன்று சொல்ல முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். பணிக்காலத்தில் எத்தனையோ பேரிடம் ‘உரிய ஆவணத்துடன் வருக’ என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். அவர்களில் எத்தனை பேருக்கு மீஞ்சூரில் நாத்தனார் இருந்தாரோ, தெரியாது. எனக்கு இவர் இருந்தார்.

என் மனுவுக்கான பதில் அதற்கும் பிறகுதான் வந்தது. தபால்காரரிடம் உறையை வாங்கியவள் மனைவி. பிரித்து, கண்ணாடி இல்லாமல், கையைச் சற்று நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒரு எழுத்துக்கும் திணறாமல் எனக்குப் படித்துக் காட்டினாள். கோரிய திருத்தத்தைப் பரிசீலிக்க, செல்லுபடியாகும் மருத்துவ அட்டையின் நகலை இணைத்து மீண்டும் விண்ணப்பிக்கவும் என்று இருந்தது. அதிலும் ஒரு எழுத்துப்பிழை இருப்பதாகச் சொன்னாள். நான் தேடிப் பார்த்தேன், எனக்குத் தென்படவில்லை. விரல் வைத்துக் காட்டினாள்.

கடிதம் பெறப்பட்ட நாளை மேல் ஓரத்தில் குறிப்பது என் பழக்கம். பேனாவைத் தேடினேன். அதற்குள் அவளே எடுத்து, கோடு போட்டதுபோல நேராக, தன் கணக்குப்படி எழுதிவிட்டாள்: ஆடி மாதம், கடைசி வெள்ளிக்கிழமை.