குடிக்காமல் கடந்த வாசல்

தகவல் அறியும் உரிமைச் சட்டம், பிரிவு ஏழு, உட்பிரிவு ஒன்று: விண்ணப்பம் கிடைத்த முப்பது நாட்களுக்குள் பதில் தர வேண்டும். கேட்கும் தகவல் ஒருவருடைய உயிரையோ சுதந்திரத்தையோ பற்றியது என்றால் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் தர வேண்டும். வருவாய்த் துறையில் தலை நரைத்தவன் நான். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் இதைச் சொல்வேன். சொல்லித்தான் ஒரு மனிதரைக் காக்க வைத்தேன்.

எங்கள் ஊர் திருச்செங்கோட்டுக்கும் மல்லசமுத்திரத்துக்கும் நடுவில் இருக்கிறது. கிழக்கிந்தியக் கும்பினிக்காரனை எதிர்த்து நின்று தூக்கில் தொங்கிய தலைவருக்காக, ஆடி பதினெட்டு அன்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் சுடர் ஏந்தி, அவர் உயிர்விட்ட மலைக்கோட்டைக்கு நடப்போம். வழி நெடுக வாசல்களில் மோரோ பானகமோ வைத்திருப்பார்கள். சுடர் ஏந்தியவர் நின்று ஒரு டம்ளர் குடித்துவிட்டுத்தான் அடுத்த வாசலுக்குப் போக வேண்டும். கோயிலைத் தாண்டி மூன்றாவது வீட்டில் மட்டும் நிற்க மாட்டோம். ஒலிபெருக்கியில் சுதந்திரத்தைப் பற்றிப் பேசியபடியே அந்த வாசலைக் கடப்போம்.

அந்த வீட்டுக்காரரின் நிலத்துக்குத் தண்ணிக்காரன் காடு என்று பெயர். தலைவர் தலைமறைவாக இருந்தபோது அந்த வீட்டில் தண்ணீர் கேட்டாராம். அந்தக் குடும்பத்து முன்னோர் ஒருவர் சொம்பை வாசலில் நீட்டிவிட்டுக் கொல்லைப்புறமாகப் போய்த் துப்புச் சொன்னாராம். அதற்கு வெள்ளைக்காரன் கொடுத்த இனாம்தான் அந்தக் காடாம். இதற்கு எழுத்தில் ஆதாரம் கிடையாது. ஆதாரம் இல்லாதவற்றைத்தான் எங்கள் ஊர் மறப்பதில்லை.

வீட்டுக்காரர் என் வயதுக்காரர். ரிக் வண்டியில் போய் வடநாடெல்லாம் போர்வெல் போட்டவர். ஊருக்குத் திரும்பிய பிறகு ஒவ்வோர் ஆடிக்கும் வாசலில் பானை வைப்பார். ஊர்வலம் கடந்ததும் பானையைத் தூக்கித் தென்னைக்கு ஊற்றிவிடுவார். "ராஜஸ்தான்ல முன்னப்பின்ன தெரியாதவன் காட்டுல தண்ணி எடுத்துக் குடுத்தனுங்க. அவன் என்ற கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிட்டான். இங்க தென்ன மரம் ஒண்ணுதான் குடிக்குது" என்பார். சிரித்துக்கொண்டுதான் சொல்வார். நானும் சிரிப்பேன். வருடா வருடம் அவர் வாசலைக் கடந்துபோன கால்களில் என்னுடையதும் இரண்டு.

போன தை மாதம் விழாக் குழுக் கூட்டத்துக்கு அவர் வந்தார். உட்காரவில்லை.

"எனக்கும் எழுவது ஆச்சுங்க. ஒருக்கா நின்னு ஒரு வாய் குடிச்சுட்டுப் போங்க. வேறொண்ணும் கேக்கலீங்க."

குழுச் செயலாளர் என்னைப் பார்த்தார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். படித்தவன், சட்டம் தெரிந்தவன். "குடித்தால் போச்சு" என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். எவரும் எதிர்த்திருக்க மாட்டார்கள் என்று இப்போது தோன்றுகிறது. என் வாயில் வந்தது வேறு.

"ஏதாச்சும் ஆதாரம் இருந்தா பரிசீலனை பண்ணலாமுங்க."

"ஆபீசர் சொன்னா செரிதான்" என்றார் செயலாளர். கூட்டத்துக்கே மூச்சு வந்தது. ஒரு டம்ளர் மோரைக் கோப்பாக மாற்றிவிட்டேன்; இதற்குத்தான் அரசாங்கம் எனக்கு இத்தனை வருடம் பயிற்சி கொடுத்தது.

அன்று சாயங்காலமே அவர் காட்டுப் பத்திரங்களைப் பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். பழைய இனாம் பதிவேடுகள் உள்ள அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுத உட்கார்ந்தேன். இந்தக் காட்டை யார், எப்போது, எதற்காகக் கொடுத்தார்கள்? கேள்வி அவ்வளவுதான். முப்பது நாள், நாற்பத்தெட்டு மணி நேரம் என்று விதியையும் அவருக்கு விளக்கினேன். கேட்கும் ஆள் கிடைத்தால் நான் விடுவதில்லை.

"உயிரு சம்பந்தப்பட்டதுன்னா ரெண்டே நாளுங்களா? அப்ப அப்படியே எழுதிப் போடுங்க."

"அது புடிச்சு அடைச்சு வெச்ச ஆளுகளுக்குங்க. உங்க உயிருக்கு என்ன இப்ப?"

"டாக்டரு நெஞ்சுப் படத்தப் பாத்துட்டு வேற சொல்றாருங்க."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது விளையாட்டு இல்லை என்று தெரிந்திருந்தாலும் எழுதியிருக்க மாட்டேன். அந்தப் பிரிவு இதற்குப் பொருந்தாது. அவருடைய கையெழுத்தை வாங்கி, என் முகவரியைக் கொடுத்து, பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

முப்பது நாள் போனது. அந்த அலுவலகம் விண்ணப்பத்தை இன்னோர் அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தது. ஐந்து நாளில் அனுப்ப வேண்டியதை நாற்பது நாளில் அனுப்பியிருந்தார்கள். மேல்முறையீடு போட்டேன். தினமும் சொசைட்டிக்குப் பால் ஊற்றிவிட்டுத் திரும்பும்போது அவர் என் கேட்டருகில் வண்டியை நிறுத்துவார்.

"பதில் வந்துருச்சுங்களா?"

"இன்னும் இல்லீங்க. மேல்முறையீட்டுல இருக்குது."

"போர் போடுறாப்பல இருக்குதுங்க. ஆயிரம் அடி போயாச்சு, இன்னும் புகைதான் வருது." வண்டியைக் கிளப்பிவிட்டு, "ஆடிக்குள்ள வந்துருமுங்களா?" என்பார்.

"விதிப்படி வரோணும்."

"விதிப்படியா? அப்பச் செரி" என்று சிரிப்பார்.

ஆனி மாதம் ஒரு காலையில் வண்டி வரவில்லை. பால் கேன் அவர் வீட்டுத் தாழ்வாரத்திலேயே இருந்தது. அவரை ஈரோட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். பள்ளிபாளையம் பாலம் தாண்டும்போதே முடிந்துவிட்டது என்று வண்டியில் கூடப் போனவர் சொன்னார். இழவுக்கு ஊரே வந்தது. வந்தவர்கள் அந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடித்தார்கள். நானும் குடித்தேன். இழவு வீட்டில் குடிப்பதற்கு யாரும் ஆதாரம் கேட்கவில்லை.

ஆடி பதினெட்டு வந்தது. எங்கள் ஊர்ச் சுடர் என் கையில் இருந்தது. மூன்றாவது வீட்டு வாசலில் அதே பானை, மேலே கவிழ்த்த டம்ளர். துக்கம் கழியாத வீட்டில் வைத்திருக்க மாட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். அவர் மனைவி கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். குடித்துவிட்டுப் போங்கள் என்று அவர் சொல்லவில்லை.

"பதில் வந்துருச்சுங்களாண்ணா?" என்றார்.

"இன்னும் இல்லீங்க."

என் கால் நின்றது உண்மை. டம்ளர் எட்டும் தூரத்தில் இருந்தது. சுடர் ஏந்தியவன் நின்று குடித்தால் எல்லோரும் குடித்தாக வேண்டும், அதுவும் விதிதான். பின்னால் இருந்து செயலாளரின் குரல் வந்தது: "நடங்க ஆபீசரே, வெயில் ஏறுது." நடந்தேன். கோட்டை அடிவாரத்தில் சுடரைக் கைமாற்றும் வரைக்கும் நான் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த அம்மா பானையைத் தென்னைக்கு ஊற்றினாரா என்று தெரியாது.

பதில் ஒரே பக்கம். பதிவேட்டு நகல் தெளிவாகவே இருந்தது. கும்பினி இந்தப் பக்கம் வருவதற்கு இரண்டு தலைமுறை முன்பே, சாலையோரத்தில் தண்ணீர்ப் பந்தல் வைத்து, இன்னார் இனியார் என்று பாராமல் நடந்து வருகிறவர்கள் எல்லோருக்கும் தண்ணீர் கொடுப்பதற்காக அந்தக் குடும்பத்துக்கு விடப்பட்ட தர்ம இனாம் அது. உறையில் அவர் பெயர், கீழே என் முகவரி. தபால்காரர் நீட்டிய தாளில் கையெழுத்துப் போட்டு, பழக்க தோஷத்தில் நகலின் மூலையிலும் 'பெறப்பட்டது' என்று எழுதி, கீழே தேதி போட்டேன்: ஆடி பத்தொன்பது.