பூவுக்காகக் காத்திருந்த ஜீப்

போன வாரம் சேலத்தில் ஷேர் ஆட்டோவில் போய்க்கொண்டிருந்தேன். சிக்னலில் நின்ற வண்டி உதறிய உதறலில், டிரைவருக்கு முன்னாலிருந்த பிள்ளையார் தலையிலிருந்து அரளிப்பூ ஒன்று நழுவி விழுந்தது. டிரைவர் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் சிரித்துவிட்டேன். பக்கத்திலிருந்த பெண் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுத் தள்ளி உட்கார்ந்தாள். அவளுக்கு எப்படிச் சொல்வது, எண்பதுகளில் நடந்த கதையை?

அப்போது பி.ஏ. முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருந்தேன். சும்மா இருந்து என் உயிரை வாங்காதே என்று அம்மா, பாஸ்டரிடம் சொல்லி என்னை ஏற்காட்டு மிஷன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிட்டாள். தேவ ஊழியம் என்று பெருமையோடு போனவளுக்குக் கிடைத்தது பாட்டில் கழுவும் ஊழியம். மருந்துக்கு வருகிறவர்கள் பாட்டிலும் கொண்டுவர வேண்டும். தேங்காய் எண்ணெய் பாட்டில், சாராய பாட்டில், எதுவும் வரும். மண்ணெண்ணெய் வாசம் போகாத இருமல் மருந்தைக் குடித்தும் பிழைத்துக் கிடந்தார்கள் என்றால், அது கர்த்தரின் கிருபைதான், நான் கழுவிய லட்சணம் அல்ல. முதல் நாள் ஒருவரின் கால் புண்ணைப் பார்த்து மயங்கி விழுந்தேன். அந்தப் புண்காரரே துண்டால் எனக்கு விசிறிவிட்டார்.

பாட்டில்களோடு நாங்கள் ஊர் ஊராகப் போனது ஒரு கிழட்டு ஜீப்பில். நின்ற இடத்திலேயே குளிர்காய்ச்சல் வந்ததுபோல நடுங்கும். எஞ்சினைப் போட்டால் உள்ளே பாட்டில்களெல்லாம் கடகடவென்று ஆடும். டிரைவர் சாமுவேல் அண்ணன் அதைத் திட்டாத திட்டு இல்லை, ஆனால் வேறு யாராவது திட்டினால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். நர்ஸ் எஸ்தர் சிஸ்டர் முன்சீட்டில் மருந்துப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு தூங்கியபடியே வருவார்.

காப்பி பூத்திருந்த நாட்கள் அவை. நாகலூர் தாண்டி ஒரு சிற்றூருக்குப் போனால், மருந்துக்கு ஒருவரும் வரவில்லை. எல்லோரும் பூசாரி வீட்டு வாசலில் நின்றார்கள். அவர் மகள் பொன்னிக்கு முந்தின நாளிலிருந்து பிரசவ வலி. உள்ளே போன சிஸ்டர் முகம் வெளுத்து வெளியே வந்தார். குழந்தையின் கால் முன்னால் வருகிறது, உடனே சேலத்துக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்யாவிட்டால் இரண்டு உயிருக்கும் ஆபத்து என்றார்.

"பூ கேட்டுப்போட்டு அனுப்பறனுங்க" என்றார் பூசாரி.

வாசலுக்கு எதிரே மேடைமேல் இருக்கும் சாமிக்கல்லின் தலையில் பூ வைப்பார்கள். வலப்பக்கம் விழுந்தால் உத்தரவு. அதில்லாமல் வீட்டுப் பெண்ணை மலையிறக்க மாட்டார்கள். பூசாரி துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு பூ வைத்தார். பனியில் நனைந்த பூ. கல்லும் ஈரம். அது அப்படியே ஒட்டிக்கொண்டது. உள்ளே பொன்னியின் அலறல் முனகலாகிக்கொண்டிருந்தது. எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. தூக்கிப் போட்டுக்கொண்டு போய்விடலாம் சிஸ்டர் என்று அவர் காதைக் கடித்தேன்.

"அவரு பெத்தவரு. நம்ம தூக்கிட்டுப் போனா நாளைக்கு இந்த ஊர்ல யாரு நம்மகிட்ட வருவா? ஜெபம் பண்ணு" என்றார். சொன்னாரே தவிர, மருந்துப்பெட்டியைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தார்.

பூ விழவில்லை. பூசாரி கும்பிட்ட கையோடு நெடுநேரம் நின்றார். பிறகு திரும்பி, சிஸ்டரையல்ல, ஜீப்பைப் பார்த்தார்.

"ஏனுங்க டிரைவர், வண்டிய ஏன் அத்தன தூரத்துல நிறுத்தியிருக்கறீங்க? இங்க கொண்டாந்து, சாமிக்கு வலப்பக்கமா ஒட்டி நிறுத்தி, எஞ்சினைப் போட்டு வையுங்க. புள்ளைக்கு வண்டி வந்திருக்குதுன்னு சாமிக்கும் தெரியோணுமில்லீங்க."

கூட்டம் விலகி வழிவிட்டது. சாமுவேல் அண்ணன் ஓட்டமாக ஓடினார். சாமி மேடையை உரசுகிற மாதிரி ஜீப்பை நிறுத்தி, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்தார். பாட்டில்கள் கடகடத்தன, மேடை அதிர்ந்தது, தரையில் நின்ற என் உள்ளங்கால் கூசியது. பூ மெல்ல அசைந்து வலப்பக்கம் விழுந்தது.

பூசாரி அதை எடுத்து மகள் தலையில் வைத்தார். "போயிட்டு வா கண்ணு, சாமி சொல்லிருச்சு" என்றவர் அப்புறம்தான் அழுதார். குப்பனூர் வழியாக மலையிறங்கிப் போய்ச் சேர்ந்தோம். தாயும் பிழைத்தாள், பிள்ளையும் பிழைத்தது.

எஸ்தர் சிஸ்டர் இப்போது இல்லை. சாமுவேல் அண்ணனும் போய்விட்டார். ஜீப் எந்தக் காயலான் கடையில் கரைந்ததோ. போன் செய்தால் ஆம்புலன்ஸ் வந்துவிடுகிறது, யாரும் எதற்காகவும் காத்திருப்பதில்லை. நல்லதுதான், குறை சொல்ல நான் யார்?

போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது பொன்னியைப் பார்த்தேன். சாலையோரம் சின்னதாகக் கடை வைத்திருக்கிறாள், தலை நரைத்துவிட்டது. என்னை அடையாளம் கண்டுகொண்டு கையைப் பிடித்தபடி விடவேயில்லை. அப்பாவைப் பற்றிக் கேட்டேன்.

"அவரு போயி நொம்ப வருசமாச்சுங்க. கடைசில கண்ணுந் தெரியல. ஆனா எங்கியாவது ஜீப்புச் சத்தம் கேட்டாப் போதும், ஊட்டுக்குள்ள இருந்தாலும் எந்திரிச்சு, துண்டை இடுப்புல கட்டிக்கிட்டுக் கும்புடுவாருங்க."

"மிஷன் ஜீப்புன்னு நினைச்சா?"

"எஸ்டேட் ஜீப்போ, போலீஸ் ஜீப்போ, அவருக்கு எல்லாம் ஒண்ணுதானுங்க."

நாங்கள் பேசிக்கொண்டிருந்த அவ்வளவு நேரமும் சாலையில் மோட்டார் சைக்கிள்கள்தான் போயின.