நிலை: பழையது

தெருவில் யாராவது ஒருவர் நிறுத்திக் கேட்டுவிடுகிறார்: பழைய ரேடியோவை வைத்துக்கொள்வதா, விற்பதா, யாருக்காவது கொடுத்துவிடுவதா. பாலிடெக்னிக்கில் ரேடியோ படித்த பெண்ணுக்கு இது தெரிந்திருக்க வேண்டும் என்று நினைக்கிறார்கள். நான் மூன்று விஷயம் விசாரிப்பேன். அதன் வால்வு இன்னும் கடையில் கிடைக்கிறதா, கோளாறு ஒன்றா பலவா, புதிது இதைவிட நன்றாகக் கேட்குமா. நான்காவதாக, அதை வீட்டுக்குக் கொண்டுவந்தது யார் என்று கேட்பேன். இது பாடத்தில் வராதது.

நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருடம் அப்பச்சி, அதாவது என் அப்பா, புதுக்கோட்டைக் கடை ஒன்றில் புது ரேடியோவைப் பார்த்து மயங்கிவிட்டார். திருமயத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வீட்டில் ஏற்கெனவே இருந்த ரேடியோ ஆத்தாவின் கல்யாணச் சீரில் வந்தது. ஆத்தா என்று நாங்கள் அழைத்தது அம்மாவை. அவளுடைய அப்பா அதை ரங்கூனிலிருந்து கப்பலில் கொண்டுவந்தாராம். தேக்குப் பெட்டி, முகப்பில் மஞ்சள் துணி, நிலையம் சரியாகப் பிடித்தால் விரிகிற ஒரு பச்சைக் கண். மத்தியானம் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டு முடித்ததும் ஆத்தா அதன் முன்னால் உட்கார்ந்து வெற்றிலை போடுவாள். அந்த ஒரு மணி நேரம் அவளிடம் யாரும் எதுவும் கேட்க முடியாது.

இரண்டையும் வைத்துக்கொள்ள அப்பச்சிக்கு இஷ்டமில்லை. அப்போதெல்லாம் ஒவ்வொரு ரேடியோவுக்கும் தபால் ஆபீசில் லைசென்சுப் பணம் கட்ட வேண்டும். கடைக்காரர் பழையதை மாற்றாக எடுத்துக்கொள்ளச் சொன்ன விலை அவமானமாக இருந்தது. உள்ளூரில் விற்கவும் முடியாது. எங்கள் ஆட்களில் ஒரு வீட்டிலிருந்து சாமான் விலைக்குப் போனால், அந்த வீடு நொடித்துவிட்டது என்று சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கப் பேசிவிடும். மிஞ்சியது கொடுப்பது.

அதற்கும் வழி வந்தது. ராயவரத்தில் இருந்த அத்தை, அப்பச்சியின் தங்கை, கணவரை இழந்தவர். அவர் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டில் ரேடியோ இல்லை என்று ஜாடையாகச் சொல்லியிருந்தார்கள். தாய்மாமன் சீரில் நம்முடையதை வைத்துவிடலாம் என்றார் அப்பச்சி.

"எங்க அப்பச்சி கொண்டாந்தது" என்றாள் ஆத்தா.

"அதான் புதுசு வருதுல்ல. ஒனக்கு எதுக்கு ரெண்டு?"

ஆத்தா பழைய ரேடியோவைத் துடைத்துப் பழம்போர்வையில் சுற்றி வைத்தாள். புது ரேடியோவும் வந்து, நல்ல நாளுக்காகப் பெட்டி பிரிக்காமல் காத்திருந்தது.

எழுத்து அழகாக இருக்கும் என்று சீர்ப்பட்டியல் எழுதும் வேலை எனக்கு வந்தது. அந்த வாரம்தான் பள்ளிக்கூடத்தில் தலைமையாசிரியருக்குத் தளவாடப் பதிவேடு படியெடுத்துக் கொடுத்திருந்தேன். சாமான், எண்ணிக்கை, நிலை என்று மூன்று கட்டம். 'பெஞ்சு, நான்கு, ஒன்று கால் ஆட்டம்' என்பது போல. பட்டியல் என்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு உறுதியாகிவிட்டது. வெள்ளிச் சொம்பு, புதிது. பித்தளை அண்டா, புதிது. ரேடியோவுக்கு வந்தபோது, தெரிந்ததையெல்லாம் எழுதினேன்.

அப்பச்சிக்குக் கல்யாண அலைச்சல். ஆத்தாவிடம் காட்டச் சொல்லிவிட்டார். அவள் அரிசி புடைத்துக்கொண்டே வாசிக்கச் சொன்னாள். ரேடியோ வந்ததும் முறத்தை நிறுத்திவிட்டு, இன்னொரு தரம் வாசி என்றாள். வாசித்தேன். கொஞ்ச நேரம் யோசித்தாள்.

"மழ நாள்ல கரகரங்குமே, அத விட்டுட்டியே" என்றாள்.

விட்டுப்போனதற்கு வெட்கப்பட்டு அதையும் சேர்த்தேன்.

எங்கள் கல்யாணங்களில் சீர்ச் சாமான்களை நடுவீட்டில் பரப்பி, இரண்டு பக்கத்தாரும் இருக்கப் பட்டியலைச் சத்தமாக வாசிப்பார்கள். வாசித்தவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. தாலுகா கச்சேரியில் எழுத்து வேலை பார்த்தவர். எழுதியிருப்பதை அப்படியே வாசித்துப் பழகியவர். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் 'புதிது' என்று அவர் சொல்லச் சொல்ல நான் பெருமையில் மிதந்தேன்.

"ரேடியோ ஒன்று. நிலை: பழையது. பச்சைக் கண் மங்கல். இடப்பக்கத் திருகு வழுக்கும். மழை நாளில் கரகரக்கும்."

மாப்பிள்ளைப் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "வைத்தியரும் சீரோட வாராரா?"

சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை. விரித்த ஜமுக்காளத்தின் ஓரத்தை நேராக இழுத்துவிடுவது போல் குனிந்தவர் நிமிரவே இல்லை. அப்பா இல்லாத பெண்ணுக்குத் தாய்மாமன் கழித்த சாமானைத் தள்ளிவிட்டான் என்ற பேச்சு அந்தப் பெண்ணோடு புகுந்த வீட்டுக்கும் போகும். அப்போது எனக்கு அது தெரியாது. என் காகிதத்தைக் கேட்டுச் சிரித்தார்கள் என்பது மட்டும் தெரிந்தது. அப்பச்சியின் காது சிவந்திருந்தது.

பெண்கள் பக்கமிருந்து ஆத்தா இரண்டடி முன்னால் வந்தாள்.

"புள்ள தெரியாம இதையும் பட்டியல்ல சேத்துருச்சுங்க. சீருக்கு வாங்குன ரேடியோ பெட்டி பிரிக்காம வீட்ல இருக்கு. நல்ல நேரத்துல வரட்டும்னு வச்சிருக்கோம். இது கல்யாண வீட்டுல பாட்டுக் கேக்க எடுத்தாந்தது."

பெரியப்பா அப்பச்சியைப் பார்த்தார். அப்பச்சி ஆத்தாவைப் பார்த்தார். பிறகு, "ஆமாங்க, நாளைக்கே வந்துரும்" என்றார், சற்றுத் தாமதமாக.

அத்தை நிமிர்ந்தார். பெரியப்பா தன் பேனாவாலேயே என் வரியை அடித்து, 'ரேடியோ ஒன்று, புதிது' என்று எழுதிக்கொண்டார்.

மறுநாள் புது ரேடியோ பெட்டி பிரிக்கப்படாமலே ராயவரம் போனது. அதன் சத்தத்தை எங்கள் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை. அப்பச்சி என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: இதையெல்லாம் எழுதச் சொன்னது யார். யாரும் சொல்லவில்லை, நானாகத்தான் என்றேன். ஒரு வரியைத் தவிர அது உண்மை. பயத்தில் அந்த வரி எனக்கு நினைவுக்கு வரவில்லை. அவர் வெகுநேரம் ஆத்தா இருந்த பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

பழைய ரேடியோவைத் திரும்பக் கொண்டுவந்தது பஸ்ஸில். மேலே போட்டுவிடலாம் என்றார் கண்டக்டர். ஆத்தா கொடுக்கவில்லை. அவ்வளவு கனத்தையும் மடியிலேயே வைத்துக்கொண்டாள். பக்கத்தில் நான் அழுதபடி வந்தேன். எல்லாம் என்னால்தானே கெட்டது என்று கேட்டேன்.

"நீ ஒண்ணும் தப்பா எழுதலையே" என்றாள், முந்தானையால் என் முகத்தைத் துடைத்து.

என்னைத் தேற்றத்தான் அப்படிச் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.