கறுப்புச் சட்டத்தில் செந்தாமரை வைத்த புள்ளிகள்

திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும் எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும், செந்தாமரை புள்ளி வைத்த படச்சட்டம் ஒன்றாவது சுவரில் தொங்கும். சரி, எந்த வீடும் என்பது கொஞ்சம் அதிகம். நான் காபி குடித்த வீடுகள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் குடிக்காத வீடு குறைவு.

செந்தாமரைக்குச் சொந்த ஊர் பிரம்மதேசம். அப்பா, அம்மா இருவரும் கூலிக்கு மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கினவர்கள். எட்டாவதோடு படிப்பை நிறுத்திவிட்டு, 1993இல் திண்டிவனத்தில் விருத்தாசலம் என்பவர் வைத்திருந்த பிரேம் கடையில் கண்ணாடி துடைக்கச் சேர்ந்தாள். பதினைந்து வருஷம் துடைத்தாள். அவள் துடைத்த கண்ணாடி இருப்பதே தெரியாமல் காக்கா ஒன்று மோதிச் செத்தது என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். மோதியது மட்டும் உண்மை. அவளுக்கு ஒரே ஆசை: ஜன்னலோரம் இருந்த வேலை மேசை. கட்டை அறுத்து மூலை சேர்க்கிற ஆண்கள்தான் அதில் உட்காரலாம் என்பது கடையின் வழக்கம்.

ஒருநாள் புதுச்சேரிப் பக்கத்திலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மா, கண்ணாடி உடைந்த படமொன்றைக் கொண்டுவந்தார். சட்டம் முழுக்கச் சின்னதும் பெரியதுமாய்ப் புள்ளிகள், வட்டம் வட்டமாய். மண்டலா என்று பேர் சொன்னார். அன்று முதல் செந்தாமரை, அறுத்து மிஞ்சிய கட்டைத் துண்டுகளில் புள்ளி வைக்கத் தொடங்கினாள். பெரிய புள்ளிக்குப் போல்ட்டின் தலை, நடுத்தரத்துக்குப் பென்சிலின் பின்பக்கம், பொடிப் புள்ளிக்குக் குண்டூசித் தலை. பெயிண்டை மறுபடி தொடாமல் வைத்துக்கொண்டே போனால் புள்ளி சிறுத்துக்கொண்டே வரும். அதையே வால் மாதிரி வளைத்துவிடுவாள்.

விருத்தாசலம் பார்த்தார். "துண்டுல எது வேணா பண்ணிக்கோ. கஸ்டமர் சட்டத்துல கை வெச்ச, அன்னிக்கே நீ வீட்டுக்குப் போய்க்கினே இருக்கலாம்."

2008இல் என் கணவர் நடராசன் காலமானார். பதினாறாம் நாள் காரியத்துக்கு மாட்ட வேண்டிய படத்தை அந்தக் கடையில்தான் கொடுத்திருந்தோம். ரேஷன் கார்டுக்கு எடுத்த போட்டோவைப் பெரிசு பண்ணியது; போலீஸ் பிடித்துக்கொண்டுபோன மாதிரி இருப்பார். அதற்குக் கறுப்புச் சட்டம் வேறு.

காரியத்துக்கு முதல் நாள் விருத்தாசலம் கட்டை வாங்க விழுப்புரம் போயிருந்தார். கண்ணாடியைப் பொருத்தும்போது செந்தாமரைக்குக் கை தவறி, சட்டத்தின் ஒரு மூலையில் கறுப்பு பெயர்ந்துவிட்டது. கடையில் வேறு கறுப்புக் கட்டை இல்லை. பெயர்ந்த இடத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி வைத்து மறைத்தாள். ஒரு மூலையில் மட்டும் இருந்தால் அசிங்கமென்று மற்ற மூன்றிலும் வைத்தாள். நாலும் அநாதையாய் நின்றன. கை நிற்கவில்லை.

மண்டலா என்றால் நடுப்புள்ளி வேண்டும். அதிலிருந்துதான் வட்டங்கள் கிளம்பும். சட்டத்துக்கு நடுவில் ஏது இடம்? அங்கே படம் இருக்கிறது. ஒரு நூலை எடுத்தாள். ஒரு முனையைக் கண்ணாடிமேல், என் கணவர் நெற்றியில் பொட்டு வைக்கும் இடத்தில், விரலால் அழுத்திக்கொண்டாள். மறுமுனையில் சாக்பீஸைக் கட்டி, நூலை நீட்டி நீட்டிச் சட்டத்தின்மேல் வட்டம் வட்டமாய்ச் சுற்றினாள். அந்தக் கோடுகளை ஒட்டிப் புள்ளி வைத்து, காய்ந்ததும் சாக்பீஸைத் துடைத்துவிட்டாள்.

மாலையில் திரும்பிய விருத்தாசலம் தலையில் அடித்துக்கொண்டார். "நீயே கொண்டுபோய்க் குடு. திருப்பி அனுப்புனாங்கன்னா, நீயும் அப்படியே ஊருக்கு பஸ் ஏறிடு."

மறுநாள் காலை வீடு நிறைய உறவு. பேப்பரைப் பிரித்தவர் என் கொழுந்தனார் முருகையன்.

"இன்னாம்மா இது? பதினாறு நாளா இந்த வாசல்ல ஒரு புள்ளி வெக்கல. நீ செத்தவரு படத்துல கோலம் போட்டுக்கினு வந்து நிக்கிற?"

"கோலம் இல்லீங்க. கோலம்னா புள்ளிய சுத்தி கோடு இழுப்போம். இதுல ஒரு கோடு காட்டுங்க பாக்கலாம்."

"வாய் வேறயா! எடுத்துக்கினு கெளம்பு."

அவள் கிளம்பவில்லை. படத்தை என் பக்கம் திருப்பினாள். "டீச்சர், எல்லாப் புள்ளியும் சார் நெத்தியிலருந்துதான் கெளம்புது. கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க."

பார்த்தேன். குளத்தில் கல் விழுந்த மாதிரி, அவரிடமிருந்து வட்டங்கள் போய்க்கொண்டே இருந்தன. படத்துக்குள்ளிருந்து அவர் எனக்குக் கண்ணடித்தார் என்று இன்றுவரை சாதிக்கிறேன். எழுந்து நின்று, கூடமே அதிர, "மாட்டுங்கள்!" என்று ஒரே வார்த்தை சொன்னேன். முருகையன் கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்து உருண்டது.

படையல் முடிவதற்குள் மூன்று பேர் அவளிடம் கடைக்கு வழி கேட்டார்கள். அதில் முருகையனும் ஒருவர். ஒரே மாதத்தில் ஜன்னலோர மேசை அவளுடையதாயிற்று. கல்யாணப் படம், குழந்தைக்கு மொட்டையடித்த படம், மாதா படம், திருவாமாத்தூர் போனவர்கள் வாங்கிவந்த சாமி படம் என்று எல்லாம் அந்த மேசைக்குத்தான் வந்தன. 2013இல் விருத்தாசலமே தன் அம்மா படத்தை நீட்டினார். "எட்டு நாள் ஆகும் மொதலாளி. உங்களுக்கு முன்னாடி ஆறு பேர் இருக்காங்க" என்றாள். முதலாளி எட்டு நாளும் காத்திருந்தார்.

இதுவரை எழுதியதை உரக்கப் படித்தேன். என் கணவர் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட வந்திருந்த செந்தாமரை, அதை மடியில் வைத்துக்கொண்டு கேட்டிருந்தாள்.

"காக்கா, டம்ளரு எல்லாம் இருக்கட்டும் டீச்சர். ஆனா 'மாட்டுங்க'ன்னு நீங்க சொல்லவேயில்ல. படத்த மார்ல அணைச்சிக்கினு ரொம்ப நேரம் அழுதீங்க. அப்புறம் சுத்தியல் எங்கன்னு கேட்டு, ஆணிய நீங்களே அடிச்சீங்க."